மூன்றாவது மூச்சு

ஜூன் 8, திங்கள்

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன், யாருக்காகவும் மழுப்பமாட்டேன். "வீட்டிலிருந்து வருவதெல்லாம் பொய்" என்று போன முறை எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அம்மா எழுதியதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் அம்மாவின் பொய்களைத் திருத்திவிடுகிறேன். அம்மாவின் முழங்கால் சரியாகவில்லை. மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்குகிறாள். அப்பா உன்னைப் பற்றி அடிக்கடி கேட்பதாக எழுதியதும் உண்மையில்லை. ஒரே ஒருமுறை கேட்டார். "அவ ரூம் காலிதானே? இருட்டறையை அங்க மாத்திக்கலாமா?" என்றார். இப்போது உன் கட்டில் இருந்த இடத்தில் படம் பெரிதாக்கும் கருவி நிற்கிறது. உன் சன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டியாகிவிட்டது. சுவரில் நீ ஒட்டிய நட்சத்திரங்கள் மட்டும் சிவப்பு விளக்கில் இன்னும் தெரிகின்றன. அதைச் சொன்னால் உரித்துவிடுவாரோ என்று நான் சொல்லவில்லை.

எனக்கு ஒரு செய்தி இருக்கிறது. நீ கோபப்படுவாய். அப்பா தன் பழைய கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டார். தோல் உறையில் அவர் வியர்வை வாசனை. ஞாயிறுதோறும் அப்பாவின் புகைப்படக் கழகத்தோடு நானும் போகிறேன். கழகத்தில் பள்ளிக்கூடம் போகிற ஒரே ஆள் நான்தான். பல் டாக்டர்தான் இன்னும் தலைவர். "வாங்க குட்டி மேடம், பல் காட்டுங்க" என்பார், நான் சிரித்தால் படம் எடுத்துவிடுவார். எதையும் பார்த்ததும் இதற்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அம்மா கேரட் நறுக்கும்போதுகூட.

ஜூலைக் கடைசியில் கழகத்தின் ஆண்டுக் காட்சி. சுவரளவு பெரிதாக ஸ்லைடு போடுவார்களாம். உன் படத்தையும் போடப்போகிறார்கள். உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

பதிலைப் பள்ளி நூலக முகவரிக்கே அனுப்பு. நூலக டீச்சர் உறையைப் பிரிப்பதில்லை. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

உன் தங்கை

•

ஜூன் 15

குட்டிப் பண்டிதைக்கு,

உண்மை எழுதுகிறேன் என்று ஆரம்பித்து என் கட்டிலைத் தூக்கிய கதையைச் சொல்லியிருக்கிறாய். ரொம்ப நன்றி. இங்கே விடுதியில் எனக்குக் கிடைத்திருப்பது இரும்புக் கட்டில், திரும்பிப் படுத்தால் பக்கத்து அறைக்காரி சுவரைத் தட்டுவாள். ஆனாலும் இது என் கட்டில். இதன்மேல் யாரும் கருவி வைக்கமாட்டார்கள்.

வேலை பழகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை. காலையில் வரிசையாக வந்து கையை நீட்டுவார்கள். குத்துவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் "கொஞ்சம் வலிக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துகிறேன். பெரிய டாக்டர் சிரிக்கிறார், "சொன்னா மட்டும் வலிக்காதா?" என்று. வலிக்கும்தான். ஆனால் சொல்லிவிட்டுச் செய்வது வேறு.

நீ அவரோடு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் கேட்பாய், நீ கேட்காமல் விடமாட்டாய். என் படம்தான் காரணம், வேறென்ன. நான் அன்றைக்கு ஏன் கழக அறைச் சுவரிலிருந்து அதைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு வெளியேறினேன் என்று உனக்கு இன்னும் முழுதாகப் புரிந்திருக்காது. கல்யாணம் நின்றுபோன செய்தியைக் கேட்டு ஒரு பெண் அழுகிறாள். எதிரே அப்பா. கையில் தற்செயலாகக் கேமரா இருந்துவிட்டது. வேறு எந்த மனிதராக இருந்தாலும் அதைக் கீழே வைத்திருப்பார். இவர் எடுத்தார். எடுத்ததோடு விட்டாரா? 'மறுப்பு' என்று பெயர் வைத்துப் போட்டிக்கு அனுப்பி முதல் பரிசும் வாங்கினார். பஸ்ஸில் முன்பின் தெரியாதவள் என்னைப் பார்த்து, "நீங்கதானே அந்த அழற பொண்ணு?" என்று கேட்டாள்.

தற்செயல் என்று நினைத்துத்தான் பாதி மன்னித்து வைத்திருக்கிறேன். மீதிப் பாதி என் இஷ்டம்.

அந்த ஸ்லைடு வரக்கூடாது. எப்படி என்று யோசி. புத்திசாலிதானே நீ.

அக்கா

•

ஜூன் 22, திங்கள்

அன்புள்ள அக்கா,

நேற்று படகுத்துறைக்குப் போயிருந்தோம். அங்கே நான் ஒரு பெரிய விஷயம் கற்றுக்கொண்டேன். அது உன் கடிதத்தோடும் சம்பந்தப்பட்டது. எழுதலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எழுதுவேன் என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிட்டதால் வேறு வழியில்லை.

துறையில் ஒரு பெண் துணிப்பையோடு நின்றிருந்தாள். பையின் வாயில் குழந்தையின் புதுச் செருப்பு எட்டிப்பார்த்தது. அப்பா கேமராவை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தார்.

"அக்கரைப் படகுக்கா நிக்கிறீங்க? அது இன்னிக்கு இல்லையாமே. நாளைக்குத்தானாம்."

அவள் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். பிறகு தண்ணீரைப் பார்த்தாள். அப்போது முகத்தில் ஏதோ ஒன்று இறங்கியது. அப்பா அழுத்தினார். உடனே, "அடடா, தப்பாச் சொல்லிட்டேன். அது வேற படகும்மா. உங்களுது அதோ வருது பாருங்க" என்றார். அவள் அழுகையும் சிரிப்புமாக அவருக்கு நன்றி சொன்னாள். அக்கா, அவள் நன்றி சொன்னாள்!

கழகத்தில் இதற்கு 'ஊசி போடுவது' என்று பெயர். பல் டாக்டர், "நான் வலி தெரியாம இருக்க ஊசி போடுறேன். இந்த மனுஷன் வலிக்கறதுக்கே போடுறார்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நான்கூட ஒன்று போட்டுப் பார்த்திருந்தேன். என் வகுப்பில் உருண்டை என்று ஒருத்தி இருக்கிறாளே, நாடகத்தில் ராணி வேஷம் கிடைத்தவள். "உன் பேரை எடுத்துட்டாங்களாம்டி" என்று சொல்லிவிட்டு உடனே அழுத்தினேன். அச்சிட்டால் முகத்தில் ஒன்றுமே இல்லை. பாதிக் கண் மூடிய ஒரு உருண்டை, அவ்வளவுதான். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பாவிடம் காட்டினேன். அவர் படத்தைத் தூரத்தில் பிடித்து, தன் மூக்குக் கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளரின் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார்.

"அவசரப்பட்டுட்டே. கேட்ட உடனே முகம் காலியாயிடும். அது முதல் மூச்சு. ரெண்டாவதுல நம்பமாட்டாங்க. மூணாவது மூச்சுலதான் ஆளு வெளிய வருவாங்க. அதுவரைக்கும் கை ஆடக்கூடாது."

அப்புறம் அவரே சொன்னார். நான் கேட்கவில்லை.

"உங்க அக்கா படத்தை எல்லாரும் அதிர்ஷ்டம்ங்கறாங்க. அதிர்ஷ்டமாவது மண்ணாவது. அந்தப் பையன் புதன்கிழமையே கடைக்கு வந்து, கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிட்டான். புதன்கிழமை மழை மூட்டம். அந்த வெளிச்சத்துல சொல்லி என்ன பிரயோஜனம்? ஞாயித்துக்கிழமை காலைல முன்னறைச் சன்னல்ல வெயில் வரும். அதுவரைக்கும் வெச்சிருந்தேன்."

வெச்சிருந்தேன் என்றுதான் சொன்னார். அம்மா மிச்சக் குழம்பை மூடி வைத்ததைச் சொல்வாளே, அந்த மாதிரி.

எனக்கு அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப நல்ல படம் ஒன்று வேண்டும் என்று அப்பாதான் உன்னை அங்கே உட்கார வைத்தார். நீ நீல உடை போட்டுக்கொண்டாய். உன் கன்னத்தில் நிழல் விழாமல் இருக்க வெள்ளை அட்டை பிடித்தது நான். அட்டை நன்றாகப் பிடித்தாய் என்று பிறகு அப்பா என் தலையில் தட்டிக்கொடுத்தார். எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது.

ஆகவே அது தற்செயல் இல்லை. நீ பாதி மன்னித்து வைத்திருப்பதாக எழுதியிருந்ததால் இதைத் தெரிவிக்க வேண்டியது என் கடமை என்று நினைத்தேன்.

உன் தங்கை

•

ஜூன் 26

புதன்கிழமை.

இந்தச் சொல்லை எழுதிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து வேலைக்குப் போனேன். முதல் நோயாளிக்கு நரம்பு கிடைக்கவில்லை, இரண்டு தடவை குத்தினேன். இப்போது வந்து மீதியை எழுதுகிறேன்.

அந்த நாட்களில் நான் என்ன செய்தேன் தெரியுமா? வியாழக்கிழமை வேலை பார்த்த இடத்தில் எல்லாருக்கும் இனிப்பு கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது, அவருக்குக் காரம் ஆகாதே, கல்யாணத்துக்கு அப்புறம் நான் எப்படிச் சமாளிப்பேன் என்று கேட்டுச் சிரித்தேன். அப்பாவும்தான் சிரித்தார்! சனிக்கிழமை சினிமாக் கொட்டகை வாசலில் அவருக்காகக் காத்திருக்கக் கிளம்பினேன். அப்பா கதவு வரை வந்து, "குடை எடுத்துட்டுப் போம்மா, தூறுது" என்றார். நான் குடையோடு படம் விட்டுக் கூட்டம் வெளியே வரும்வரை நின்றேன். அவருக்கு உடம்பு சரியில்லையோ, பஸ் கிடைக்கவில்லையோ என்று நானே ஒவ்வொரு காரணமாகத் தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குடை எடுத்துக் கொடுத்த மனிதருக்கு அவர் வரமாட்டார் என்று தெரியும்.

அம்மாவுக்குத் தெரியுமா? கேட்டு எழுது. மழுப்பாதே.

அந்த நெகட்டிவைத் தேடி எடு. துண்டு துண்டாக வெட்டு. பெரிய படத்தை நான் கிழித்தாகிவிட்டது. நெகட்டிவ் போனால் ஸ்லைடு இல்லை. உன்னிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் எனக்குக் கல்யாணம், பதிவு அலுவலகத்தில். இங்கே ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். வண்டியில் ஆள் படுத்திருந்தால் மேடு பள்ளத்துக்கு முன்பே திரும்பி, "இப்ப ஒரு குலுக்கல் வரும்" என்று சொல்வார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

அவரிடமும் அவர் அம்மாவிடமும் என் அப்பா செத்துப்போய்விட்டார் என்று சொல்லியிருக்கிறேன். உயிரோடு இருக்கிறார் என்றால் அழைக்க வேண்டும். அழைத்தால் கேமராவோடு வருவார். அப்பாவுக்கு இது தெரியவே கூடாது. அம்மாவிடம் நானே உரிய நேரத்தில் சொல்லிக்கொள்கிறேன். நீ வாயைத் திறக்காதே. என் மேல் ஆணை.

அக்கா

•

ஜூலை 6, திங்கள்

அன்புள்ள அக்கா,

கல்யாணத்தைப் பற்றியும் நெகட்டிவைப் பற்றியும் யாரிடமும் வாய் திறக்கமாட்டேன், சத்தியம். அம்மாவிடம் கேட்டேன். கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். போர்வைக்குப் பின்னாலிருந்தே பேசினாள். "ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது சந்தோஷமா இருக்கட்டும்னாரு. எனக்கும் அது சரின்னு பட்டுது. போட்டோ எடுக்கத்தான்னு சத்தியமாத் தெரியாதுடி" என்றாள். ஆகவே அம்மாவுக்குப் பாதி தெரியும்.

நெகட்டிவைக் கண்டுபிடித்துவிட்டேன். மேல் தட்டில், மெல்லிய காகித உறையில் இருந்தது. கத்தரிக்கோலும் கையில் எடுத்தேன். வெட்டுவதற்கு முன் ஒருமுறை விளக்கில் பிடித்துப் பார்த்தேன். நெகட்டிவில் உன் முகம் கறுப்பு, கூந்தல் வெள்ளை. கன்னத்தில் ஓடியது மட்டும் மைக்கோடு மாதிரிக் கன்னங்கரேலென்று இருந்தது. நீ அழுவது மாதிரியே இல்லை. யாரோ உன் முகத்தில் எழுதிவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

வெட்டிவிட்டேன் என்று எழுதினால் உனக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் வெட்டவில்லை. முடியவில்லை அக்கா. நான் பார்த்த படங்களிலேயே அதுதான் சிறந்தது. என் அகராதியில் வைத்து மூடிவிட்டேன். அப்பா அகராதியைத் தொடமாட்டார்.

சனிக்கிழமை அவர் தேட ஆரம்பித்தார். முதலில் முணுமுணுப்பு, பிறகு தட்டுகளை இழுத்துத் தரையில் கொட்டினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"சுத்தம் பண்றேன் சுத்தம் பண்றேன்னு குப்பைல போட்டிருப்பே."

"நான் அந்த ரூம் பக்கமே போறதில்லைங்க."

"அப்ப நெகட்டிவுக்குக் கால் முளைச்சுதா? உனக்கு எது குப்பை, எது பொருள்னு எந்தக் காலத்துல தெரிஞ்சுது? போய்ப் பாரு. கிடைக்காம உள்ள வராதே."

அம்மா கொல்லைக் கதவுக்கு வெளியே குப்பைத் தொட்டியைச் சாய்த்து, நல்ல முழங்காலை மட்டும் ஊன்றி, மற்றக் காலை நீட்டிக்கொண்டு கிளறினாள். காய்கறித் தோலெல்லாம் விலக்கிப் பார்த்தாள். நான் சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அகராதி என் முழங்கைக்கு அடியில் இருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அம்மா எழுந்து வந்துவிடுவாள். உனக்குக் கொடுத்த வாக்கால் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கொல்லைக் கதவு வழியாக வந்த வெளிச்சம் அம்மாவின் நெற்றியில் விழுந்தது மிக அழகாக இருந்தது. கேமரா மாடியில் இருந்துவிட்டதே என்று வருத்தப்பட்டேன்.

ஸ்லைடு இனி இல்லை என்றே வைத்துக்கொள். பல் டாக்டர் அந்த இடத்தை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். "சிறந்த இளம் கலைஞர்னு ஒரு பட்டமும் குடுத்துடலாம், படம் மட்டும் கொண்டா" என்றார். என்னிடம் ஒரு முகம்கூட இல்லை. எல்லாம் உருண்டை மாதிரிக் காலி முகங்கள்.

உன் தங்கை

•

ஜூலை 11, சனி

என் கண்ணுக்கு,

வெட்டவில்லை என்று படித்ததும் கடிதத்தைக் கசக்கிவிட்டேன். பிறகு நீவி நீவிப் படித்தேன். பரவாயில்லை. உன்னிடம் இருந்தால் என்னிடம் இருப்பது மாதிரிதான். கல்யாணத்துக்கு வரும்போது அகராதியோடு கொண்டு வா. நான் வெட்டிக்கொள்கிறேன். அதுவரை மூச்சு விடாதே.

அம்மாவிடம், முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொல், குளிர்ச்சி வேண்டாம். அம்மா மேல் எனக்குக் கோபம் வர மறுக்கிறது. முயற்சி செய்துதான் பார்க்கிறேன்.

உன்னைப் பற்றி என் ஆம்புலன்ஸ்காரரிடம் ஓயாமல் சொல்வேன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுவாள், சண்டை வந்தால் முதலில் சொல்லுக்கு அர்த்தம் கேட்பாள் என்றெல்லாம். "எனக்கு உங்க தங்கச்சிகிட்டப் பேசவே பயமா இருக்குது, தப்பு கண்டுபிடிப்பாங்களே" என்கிறார். அவர் அம்மா உனக்காகக் கழுத்துத் துண்டு பின்னியிருக்கிறார். சாம்பல் நிறம். அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் கோணலாக இருக்கும், அவருக்குக் கண் மங்கல்.

அகராதியும் கழுத்துத் துண்டும் போதும். கேமரா வேண்டாம். ஒருநாள், ஒரே ஒருநாள், யாரும் என்னைப் படம் எடுக்காமல் நான் சந்தோஷமாக இருந்து பார்க்க வேண்டும்.

எனக்கு அந்த வீட்டில் மிச்சம் இருப்பது நீ மட்டும்தான்.

அக்கா

•

ஜூலை 20, திங்கள்

அன்புள்ள அக்கா,

கழுத்துத் துண்டு வந்தது. கோணல் தெரியவில்லை. நன்றி.

நேற்று நான் ஒன்று செய்தேன். ஆரம்பத்திலிருந்து வரிசையாக எழுதுகிறேன். இடையில் நிறுத்திவிடாமல் படி.

காலையில் முன்னறைச் சன்னலில் நல்ல வெயில். "அப்பா, முகம் எடுத்துப் பழகணும், உக்காருங்களேன்" என்றேன். அவருக்கு மகிழ்ச்சி. தலை வாரிக்கொண்டு வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, "இது இருந்தா சன்னல் அதுல தெரியும்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நீ உட்கார்ந்த அதே நாற்காலி. வெள்ளை அட்டையை அம்மா பிடித்தாள். முழங்கால் வலி என்று சுவரில் சாய்ந்து பிடித்தாள்.

"ஊசியா?" என்று சிரித்தார். "எனக்கேவா? போடு, போடு. இது மாட்டுத்தோல், எதுவும் ஏறாது."

நான் சொன்னேன். "அப்பா, அக்காவுக்குக் கல்யாணம். உங்களைக் கூப்பிடல. நீங்க செத்துப்போயிட்டதா அவங்ககிட்டச் சொல்லியிருக்கா."

முதல் மூச்சில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் உள்ளே யாரும் இல்லை. இரண்டாவதில் வாய் கொஞ்சம் திறந்தது. அட்டை ஆடியது, அம்மாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது மூச்சில் அவர் சன்னலைப் பார்த்தார். வெளியே யாரோ தன்னைக் கூப்பிட வந்து, ஆள் இல்லை என்று நினைத்துத் திரும்பிப் போவது மாதிரி பார்த்தார். அழுத்தினேன்.

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "சன்னல் திரை ஓரம் படத்துக்குள்ள வந்திருக்குமே?" என்றார்.

"ஒதுக்கிட்டேன்பா."

"ம்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "நிஜமா? இல்ல சும்மா ஊசிக்காகச் சொன்னியா?"

அக்கா, படகுத்துறையில் அந்தப் பெண்ணுக்கு அவர் படகைத் திருப்பிக் கொடுத்தார். நானும், "சும்மாதான்பா" என்று கொடுத்திருக்கலாம். அம்மா அட்டைக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் நான் பொய் சொல்லமாட்டேன் என்று உனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"நிஜம்" என்றேன்.

அவரே ஃபிலிமைக் கழுவினார். மாலைவரை இருட்டறையிலிருந்து வெளியே வரவில்லை. அம்மா இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டுத் தேநீரை வாசலில் வைத்தாள், இரண்டும் ஆறிப்போயின. வெளியே வந்ததும் ஈரப் படத்தை என்னிடம் நீட்டினார். "என்னுதைவிட நல்லா வந்திருக்கு." இதுவரை அவர் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார். "அந்த நெகட்டிவ் உங்கிட்டதானே இருக்கு?"

ஆமாம் என்றேன். கேட்டால் மறைக்க முடியாது. அகராதியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். திட்டவில்லை. அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பல் டாக்டர் இன்று இரண்டையும் பார்த்தார். ஒரே சன்னல், ஒரே நாற்காலி, மகளும் அப்பாவும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடலாம் என்கிறார். உங்கள் முகத்தைப் போடலாமா என்று அப்பாவைக் கேட்டார். "நல்ல படத்தை யாரும் பூட்டி வைக்கக்கூடாது, டாக்டர்" என்றார் அப்பா. அவர் எல்லாருக்கும் ஒரே நியாயம்தான் வைத்திருக்கிறார், அக்கா. அதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும்.

வரும் ஞாயிறு மாலை, நகர மன்றத்தில். ஆணையை மீறிவிட்டேன் என்று எனக்குத் தெரியும். பொய் சொல்லமாட்டேன், வாய் திறக்கமாட்டேன் என்று இரண்டு வாக்குகள் கொடுத்திருந்தேன். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற முடியவில்லை.

உன் தங்கை

•

ஜூலை 23

உண்மை, உண்மை, உண்மை. உன் அகராதியில் அதற்கு என்ன போட்டிருக்கிறது? ஆளைக் கொல்லும் சாமான் என்றா?

அவருக்கு வலித்தது என்றால் எனக்குச் சந்தோஷம் என்று நினைத்தாயா? கடிதத்தை முடித்ததும் முதலில் எனக்கு வந்தது சிரிப்புதான், அதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த நொடி, அட்டையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்ற அம்மா கண்முன் வந்துவிட்டாள். தன் மகள் கல்யாணத்தை அவள் அப்படியா கேட்க வேண்டும்? நான் அவளிடம் எப்படிச் சொல்லலாம் என்று தினமும் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் புதன்கிழமைச் செய்தியை ஞாயிறுவரை வைத்திருந்தார். நீ என் ரகசியத்தை வெயில் வரும்வரை வைத்திருந்தாய். உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு நூல்கூட நுழையாது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நான் கட்டிக்கொள்ளப்போகிறவரும் கூட வருகிறார். அன்று அவருக்கு ஓய்வு நாள். தங்கை படம் காட்சிக்கு வருகிறது, அம்மாவையும் பார்த்துவிடலாம் என்று துள்ளுகிறார். தடுக்கக் காரணம் கிடைக்கவில்லை. வழியில் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். எனக்குத் தைரியம் வர வேண்டும்.

நான் வருவதற்குள் என் முகத்தை அங்கிருந்து எடுத்துவிடு. உன் படத்தை வைத்துக்கொள், பட்டத்தை வாங்கிக்கொள், எனக்கு என்ன. என் முகம் மட்டும் வேண்டாம். இதுதான் நான் உன்னிடம் கடைசியாகக் கேட்பது.

•

ஜூலை 27, திங்கள்

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நீ பிரிப்பாயா என்று தெரியாது. நீயும் அங்கே இருந்தாய். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து நீ பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதம் சனிக்கிழமை என் கையில் கிடைத்தது. ஸ்லைடுகள் பல் டாக்டரிடம் இருந்தன. அவருடைய மருத்துவமனை வாசல்வரை போனேன். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "என்ன குட்டி மேடம், பல்லா படமா?" என்றார். "சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். உன் படம் பக்கத்தில் இல்லாவிட்டால் என் படம் வெறும் வயதானவர் ஒருவரின் முகம், அக்கா. அதுதான் காரணம். வேறு காரணம் எழுதினால் பொய்யாகும்.

நகர மன்றத்தில் வெள்ளைத் திரை கட்டியிருந்தார்கள். அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில். அம்மா அவருக்குப் பின்னால் ஓரத்து நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு. "அவ வருவாளாடி?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டாள். வருவாள் என்று சொன்னதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் கதவருகே தூணை ஒட்டி நின்றேன். கேமரா கழுத்தில் இருந்தது. அதன் வார் உறுத்தாமல் இருக்க அடியில் சாம்பல் நிறத் துண்டைச் சுற்றியிருந்தேன்.

நீங்கள் தாமதமாக வந்தீர்கள். உன் ஆம்புலன்ஸ்காரர் நான் நினைத்ததைவிட உயரம். கையில் ஒரு பொட்டலம், அம்மாவுக்கு என்று பார்த்ததும் தெரிந்தது. கதவைத் தாண்டும்போது தலையைக் குனிந்தார், குனிய வேண்டிய அவசியம் இல்லாதபோதும். என்னைப் பார்த்துச் சிரித்தார். உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், பஸ்ஸில் உனக்குத் தைரியம் வரவில்லை என்று புரிந்துகொண்டேன்.

மைக்கில் பேசிக்கொண்டிருந்த பல் டாக்டர் உன்னைப் பார்த்துவிட்டார். "அட! யாரு வந்திருக்காங்க பாருங்க! படத்துல இருக்கறவங்களே நேர்ல வந்தாச்சு. வாம்மா, வா. முன்னால வந்து அப்பா பக்கத்துல உக்காரு!"

எல்லாரும் திரும்பினார்கள்.

"அப்பாவா?" என்று அவர் உன்னிடம் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் விடவில்லை. அப்பா எழுந்துவிட்டார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடைபாதை வழியாக உங்களை நோக்கி வந்தார். அவசரமே இல்லை. ஆம்புலன்ஸ்காரருக்கு முன்னால் வந்து கையை நீட்டினார்.

"வாங்க, வாங்க. நான்தான். செத்துப்போனவன்."

பக்கத்து வரிசைகளில் சிரித்தார்கள், ஏதோ வேடிக்கை என்று. ஆம்புலன்ஸ்காரரின் கை பழக்கத்தில் பாதி தூரம் வந்து அப்படியே நின்றுவிட்டது. பொட்டலத்தை இன்னொரு கையால் இறுக்கிக்கொண்டார். பிறகு உன்னைப் பார்த்தார். உன் பதிலுக்காகக் காத்திருந்தார்.

நீ அவரைப் பார்க்கவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாய்.

கேமரா என் கண்ணில் இருந்தது. எப்போது தூக்கினேன் என்று நினைவில்லை. வெளிச்சம் போதும், உன் தலைக்கு மேலேயே குழல் விளக்கு எரிந்தது. முதல் மூச்சில் உன் முகம் காலியாக இருந்தது. இரண்டாவதில் உன் உதடு என் பெயரைச் சொல்ல ஆரம்பித்தது. கை ஆடாமல் காத்திருந்தேன்.

மூன்றாவது மூச்சு வருவதற்குள் மேடையிலிருந்து டாக்டர் ஸ்லைடு போடச் சொல்லிக் கைகாட்டினார். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.